கோத்தகிரியில் இருந்துகொண்டே ஸ்ட்ரிங் குவார்டெட் நடத்திப் பிழைக்க முடியுமா?

கோத்தகிரி வயோலா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட், அதாவது நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்த குழு, ஆரம்பித்திருக்கிறோம். முதல் வயலின் குன்னூர்ப் பெண், ஒரு பள்ளியில் பார்ட் டைம் மியூசிக் டீச்சர். இரண்டாம் வயலின் ஊட்டி. கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் வரை வந்தபிறகு வெஸ்டர்ன் பக்கம் வந்தவள். செல்லோ வாசிப்பவன் அருவங்காட்டுப் பையன், அப்பாவுக்கு கார்டைட் ஃபேக்டரியில் வேலை. சென்னையில் படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறான். வயோலா நான், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, தாழ்ந்த சுருதி வாத்தியம் அது. லண்டன் டிரினிட்டி காலேஜின் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டு அடுத்த படியான ஏடிசிஎல் டிப்ளமோவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். நான்கு பேருக்கும் வயது இருபத்தைந்துக்குள்தான்.

ஒத்திகை குன்னூரில், ஒரு பேக்கரியின் மாடியில். விடியற்காலையில் வர்க்கிக்காக அடுப்பு மூட்டிவிடுவதால் மாடி அறை எப்போதும் கதகதப்பாக இருக்கும். அடைமழைக் காலத்தில்கூட அந்தச் சுவரில் ஈரம் பூக்காது. எங்கள் வாத்தியங்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்த மலையில் கிடைக்காது. பேக்கரிக்காரர் வாடகை கேட்பதில்லை. அவர் மகளுக்கு வயலின் சொல்லித் தருகிறோம்.

ஹைடனின் ஓபஸ் 76 என்ற தொகுப்பில் மூன்றாவது குவார்டெட்டை முழுவதும் வாசிக்கிறோம். மோட்ஸார்ட்டின் கே 525 என்ற உருப்படி கையில் இருக்கிறது. பீத்தோவன் ஓபஸ் 18-ல் நான்காவதைத் தொட்டிருக்கிறோம், இன்னும் கைக்கு அடங்கவில்லை. ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்தும் வாசித்திருக்கிறேன். அங்கே நான் வாசிப்பது எனக்கே கேட்காது. குவார்டெட்டில் நான் ஒரு ஸ்வரம் விட்டால் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, பாதியில் நிற்கும். முதல் வயலின் மூச்சை இழுக்கும்போது மற்ற மூவரும் கூடவே இழுத்து வில்லைத் தந்தியில் வைக்கிற அந்த நொடிக்காக நான் வேறு எதையும் விட்டுக்கொடுப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ரிசார்ட்டில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். சீசன் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலையில் இரண்டு மணி நேரம், புல்வெளியில், சினிமாப் பாட்டு. நான்கு பேருக்கும் சேர்த்து பன்னிரண்டாயிரம், கூட சாப்பாடு. முதல் வயலினுக்குப் பணம் தேவை, ஒப்புக்கொள்ளலாம் என்கிறாள். செல்லோக்காரன், ஒரு தடவை ஆரம்பித்தால் அதுவே நம் அடையாளம் ஆகிவிடும் என்கிறான். இரண்டாம் வயலினுக்கு வேறு வருத்தம்: 'நான் எப்போதும் இரண்டாவதாகவே இருக்க வேண்டுமா?' எங்கள் வீட்டில் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது, பச்சைத் தேயிலை விலை எப்படி ஆடும் என்று நீலகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா திட்டுவதில்லை. 'மாசம் எவ்வளவு வரும்னு மட்டும் சொல்லுப்பா' என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் இங்கேயே இருந்து இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா? ரிசார்ட்டை ஏற்கலாமா? இன்னொன்று: ஜனவரியில் இருந்து செல்லோவில் ஜி தந்தியை வாசித்தால் ஒரு இரைச்சல் வருகிறது, தந்தியை முறுக்கும் பிருடையும் நழுவுகிறது. ஊட்டிப் பக்கம் ரிப்பேர் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வடபழனி வயலின் எழுதியது:

தம்பி, நான் சென்னையில் ஸ்டூடியோ வாசிப்பவன், அதனால் என் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். வயலின்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து ரெக்கார்டிங் செய்த காலத்தைப் பார்த்தவன் நான். இன்று பாதி வேலையை கம்ப்யூட்டரில் உள்ள சாம்பிள் பார்த்துக்கொள்கிறது. மீதிப் பாதிக்கு நாங்கள் எல்லோரும் போட்டி. ஆகவே 'சென்னைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் உடனே பெட்டியைக் கட்டாதீர்கள்.

ஆனால் நீங்கள் வயோலா. இந்த நாட்டில் வயலின் வாசிப்பவர்கள் எத்தனையோ பேர், வயோலா நன்றாக வாசிப்பவர்கள் குறைவு. செல்லோவும் அப்படியே. ஒரு ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு ஆள் சேர்க்கும்போது முதலில் இடிக்கும் இடம் வயோலா வரிசைதான். அதனால் உங்கள் பெயரும் செல்லோத் தம்பியின் பெயரும் சென்னை, பெங்களூரில் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவர்களின் போனில் இருக்க வேண்டும். கூப்பிடும்போது வந்து வாசித்துவிட்டு மலையேறுங்கள். மும்பையில் என்சிபிஏ என்ற கலை மையத்தில் 2006-ல் தொடங்கிய சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. அங்கே ஆடிஷன் கொடுப்பதையும் யோசித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் அதற்குத் தயாராகும் ஆறு மாதம் உங்கள் வாசிப்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும்.

ரிசார்ட் விஷயத்தில் சட்டம் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஹோட்டலில் சினிமாப் பாட்டு வாசிக்க ஐபிஆர்எஸ் லைசென்ஸ் வேண்டும், பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்களுக்காக உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கம் அது. அதை எடுப்பது ஹோட்டலின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கல்யாண வீட்டு நிகழ்ச்சிகளுக்குக் காப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஹைடனுக்கும் மோட்ஸார்ட்டுக்கும் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம். ஸ்கோரும் பார்ட்டும் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசம்.

கொடைக்கானல் செல்லோ எழுதியது:

கோத்தகிரித் தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் கொடைக்கானலில் செல்லோ வாசிக்கிறேன், சொல்லியும் கொடுக்கிறேன். எங்கள் குவார்டெட் இந்த மலையிலேயே பல வருடம் நடந்தது. முதல் வயலின் கல்யாணமாகி வெளிநாடு போனபிறகு டிரியோவாகத் தொடர்கிறோம். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

முடியும். ஆனால் உங்கள் அப்பாவுக்கான பதில் கச்சேரியில் இல்லை, பாடம் சொல்லிக்கொடுப்பதில் இருக்கிறது. நம் இரண்டு மலைகளுக்கும் ஒரு விசேஷம் உண்டு. இத்தனை சின்ன இடத்தில் இத்தனை போர்டிங் பள்ளிகள் தமிழ்நாட்டில் வேறு எங்கேயும் இல்லை. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-ல் வந்தது, எங்கள் ஊர் இன்டர்நேஷனல் பள்ளி 1901-ல். அவற்றைப் பார்த்து வந்த பள்ளிகள் எத்தனையோ. எல்லாவற்றிலும் பியானோ டீச்சர் இருப்பார். வயோலா, செல்லோ டீச்சர் இருக்க மாட்டார். நீங்கள் தனித்தனியாகப் போய் வேலை கேட்காதீர்கள். நால்வராகப் போங்கள். 'வாரத்தில் ஒரு நாள் நாங்கள் நான்கு பேரும் வருகிறோம். காலையில் தனித்தனி வகுப்பு, மத்தியானம் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சின்ன ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா, சாயங்காலம் அசெம்பிளி ஹாலில் நாங்கள் இருபது நிமிடம் வாசிப்போம்' என்று சொல்லுங்கள். இப்படி இரண்டு பள்ளி அமைந்தால் மாத வருமானத்துக்கு ஒரு தரை கிடைத்துவிடும். பள்ளி லீவு மாதங்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வாரத்தில் இன்னும் இரண்டு நாள் ஒத்திகைக்கு. கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிழமை மாறாமல். கச்சேரி வந்தால் மட்டும் கூடுகிற குழுவுக்கு ஒரு சத்தம் அமையாது. நால்வரின் வில்லும் ஒரே வேகத்தில் நகர்ந்து, ஒரே இடத்தில் அழுந்தி, ஒரே அகலத்துக்கு விப்ராட்டோ, அதாவது தந்தி மேல் விரலின் அசைவு, வருவதற்கு அவசரமில்லாத ஒத்திகைகள் வேண்டும். ரிசார்ட்டுக்காரர் அந்தக் கிழமையைக் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். மற்றபடி ரிசார்ட் வேலையை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். பணம் தேவைப்படும் பெண்ணின் நிலைமையை மற்ற மூவரும் மதிக்க வேண்டும். நிபந்தனைகளோடு ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் போதும், சீசன் முழுக்க வேண்டாம். புல்வெளி கூடவே கூடாது. நாலரை, ஐந்து மணிக்கு மஞ்சு இறங்கும்போது உங்கள் வாத்தியத்தின் வார்னிஷ் மேல் ஈரம் கட்டுவதை அவர்கள் பார்க்கப்போவதில்லை. கூரைக்குக் கீழே, கை இல்லாத நாற்காலி நான்கு, ஸ்டாண்டுக்கு வெளிச்சம், பாதிப் பணம் முன்பணம், நாற்பத்தைந்து நிமிடமாக இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூவ்மென்டாவது, அதாவது உருப்படியின் ஒரு பகுதியாவது, நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாத இடத்தில் வாசித்து உங்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

வருகிற பணத்தை ஐந்தாகப் பிரியுங்கள். நான்கு பங்கு உங்களுக்கு, ஐந்தாவது குவார்டெட்டுக்கு. தந்தி, வில்லுக்கு முடி மாற்றுவது, செல்லோவைக் கொண்டுபோக டாக்ஸி, எல்லாம் அந்த ஐந்தாம் பங்கில் இருந்து. செல்லோக்காரன் தன் பங்கில் இருந்து டாக்ஸிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு வருடத்தில் மனக்கசப்பு வந்துவிடும். பார்ட்னர்ஷிப் பத்திரம் ஒன்று எழுதி, குழுவின் பெயரிலேயே பேங்க் அக்கவுன்ட் திறந்துகொள்ளுங்கள். சொசைட்டியாகப் பதிவு செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படி அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், நீங்கள் நால்வர்தான்.

இரண்டாம் வயலின் பெண் கேட்டது நியாயமான கேள்வி. அமெரிக்காவின் எமர்சன் குவார்டெட் 1976-ல் இருந்து 2023 வரை வாசித்தது. அதில் இரண்டு வயலின்காரர்களும் முதல் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம், ஹைடனுக்கு ஒருவர், மோட்ஸார்ட்டுக்கு இன்னொருவர். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்கிற அதே ஹைடனின் இரண்டாம் மூவ்மென்டில் மெலடி ஒரு ஸ்வரம்கூட மாறாமல் கை மாறிக்கொண்டே போகிறது. முதல் வேரியேஷனில், அதாவது மெட்டு திரும்ப வரும் முதல் சுற்றில், அது இரண்டாம் வயலினிடம் வருகிறது. முதல் வயலின் மட்டும் மேலே சன்னமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், வயோலாவும் செல்லோவும் சும்மா இருக்கும். இரண்டாவதில் செல்லோ, மூன்றாவதில் உங்கள் வயோலா, கடைசியில்தான் திரும்ப முதல் வயலின். குவார்டெட் என்றால் என்ன என்று தெரியாத ஒரு பள்ளிப் பிள்ளைக்கு அதைப் புரியவைக்க இந்த ஒரு மூவ்மென்ட் போதும். 'இந்தப் பாட்டு இப்போது யாரிடம் இருக்கிறது, கை காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டு வாசியுங்கள். எஸ்டேட் பள்ளிகளில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையை நீட்டியபடியே கடைசிவரை கேட்பார்கள். 1797-ல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசருக்காக எழுதிய மெட்டு, இன்றைக்கு ஜெர்மனியின் தேசிய கீதம் என்று சொன்னால் டீச்சர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சுருதி சேர்ப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இளம் குவார்டெட்டுகள் 'நன்றாகத்தான் வாசிக்கிறோம், ஆனால் ஏனோ ஒட்டவில்லை' என்று தவிப்பது பெரும்பாலும் இங்கேதான். ஏ தந்தியில் இருந்து ஒவ்வொரு பஞ்சமமாகச் சுத்தமாகக் கீழே இறங்கினால் டி, ஜி, சி என்று செல்லோவின் அடித்தந்தி வரும். வயலினில் அதே ஏ-யில் இருந்து மேலே போனால் ஈ. ஒவ்வொரு பஞ்சமமும் தனியாகச் சுத்தமாக இருக்கும். ஆனால் அடியில் இருக்கும் சி-யையும் மேலே இருக்கும் ஈ-யையும் சேர்த்து வாசித்தால் அந்த காந்தாரம் ஒரு அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூர்மையாக நிற்கும். காதைக் கீறும். அதனால் குவார்டெட்டில் பஞ்சமங்களை ஒரு மயிரிழை நெருக்கிச் சேர்ப்பார்கள். செல்லோ, வயோலாவின் சி தந்தி அந்த அளவு மேலே வரும், வயலினின் ஈ கீழே வரும்.

இதை டியூனர் செயலியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் இரண்டாம் வயலின் கர்நாடக சங்கீதம் கற்றவர்தானே? அவர் வீட்டில் தம்புரா இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் மந்தர ஷட்ஜத்தை மீட்டினால் யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் ஒன்று மேலே எழும்பும். அந்த காந்தாரம்தான் உங்கள் கார்டுக்குத் தேவையான காந்தாரம். ஒத்திகையின் முதல் கால் மணி நேரம் தம்புராவை மீட்டிக்கொண்டு, மெதுவாக, விப்ராட்டோ இல்லாமல் சி மேஜர் ஸ்கேல் நால்வரும் வாசியுங்கள். வியன்னாவில் யாருக்கும் கிடைக்காத ஒரு கருவி உங்கள் வீட்டு மூலையில் உறை போட்டு இருக்கிறது. அந்தப் பெண்ணின் காது இந்தக் குழுவுக்குப் பெரிய சொத்து. சுருதி விஷயத்தில் அவர் சொல்வதே முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லோ இரைச்சல்: ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் காற்று காய்ந்துவிடும், மரம் சுருங்கும், பிருடை நழுவும், மேல்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் நடுவில் இருக்கும் ஒட்டு விட்டுப்போகும். விரல் முட்டியால் ஓரம் முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மாறி, தளர்ந்தாற்போல் 'டப்' என்று கேட்டால் அங்கேதான் ஒட்டு விட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம். மரம் வெடிப்பதற்கு முன் ஒட்டு விட வேண்டும் என்பதற்காகவே தோல் பசை போட்டு ஒட்டுகிறார்கள். ஃபெவிகால் மட்டும் தொட்டுவிடாதீர்கள், அதன்பிறகு ஒருவராலும் அதைப் பிரிக்க முடியாது. தோல் பசையில் வேலை செய்யத் தெரிந்தவரிடம், சென்னையோ பெங்களூரோ, கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவரை தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம், உள்ளே நிற்கும் சின்ன மரத்தூணான சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பத மீட்டர் ஒன்று போடுங்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் முள் இருக்கட்டும். ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

கடைசியாக, ஐம்பது நிமிடத்துக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி தயார் செய்யுங்கள். அதையே ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், அப்புறம் எங்கள் கொடைக்கானல் என்று இடம் மாற்றி மாற்றி வாசியுங்கள். மாதம் ஒரு புது நிகழ்ச்சி வேண்டாம். ஒரே ஹைடனைப் பல ஹாலில் வாசித்த குழுவுக்கும் ஒரே தடவை வாசித்த குழுவுக்கும் உள்ள வித்தியாசம் முதல் எட்டு பாரிலேயே, அதாவது எட்டு தாளக் கட்டிலேயே, தெரியும்.

குன்னூர் ஆர்கன் எழுதியது:

கொடைக்கானல் அக்கா சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமென். நான் குன்னூரில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறேன், கொயரும் என் பொறுப்பு. தம்பி ஹாலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே! உங்களுக்கு ஹால் இங்கே இருக்கிறது, கட்டி நூற்றைம்பது, இருநூறு வருடம் ஆகிறது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1830 வாக்கில் கட்டியது, உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையில் இருந்து வந்த மரம் என்பார்கள். மரக்கூரையும் உயரமும் சேர்ந்த இப்படிப்பட்ட பழைய ஆலயங்களில் மைக் இல்லாமல் ஒரு வயோலாவின் சி தந்தி கடைசி பெஞ்சு வரை போகும்.

ஆலயத்தில் வாசிக்கக் கேட்கும்போது சபையை நிர்வகிக்கும் பாஸ்ட்ரேட் கமிட்டி 'என்ன வாசிப்பீர்கள்' என்று கேட்கும். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, வெகு நாளாக மனதில் வைத்திருப்பது. ஸ்பெயினில் காதிஸ் நகரத்து ஆலயம் ஒன்றுக்காக, இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளை வைத்து ஹைடன் இசை எழுதினார். முதலில் ஆர்கெஸ்ட்ராவுக்கு, பிறகு 1787-ல் அவரே குவார்டெட்டாக மாற்றினார், ஓபஸ் 51. அங்கே ஆயர் ஒரு வார்த்தையை வாசித்துப் பிரசங்கம் செய்து இறங்கியதும் இசை, பிறகு அடுத்த வார்த்தை. அப்படியே நம் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைதானே இது! நம் ஊரில் ஏழு பேர் ஏழு வார்த்தைக்கும் செய்தி கொடுப்பார்கள், நடுவில் நாங்கள் பாமாலையில் இருந்து பாடுவோம். ஒரு வருடம் ஒவ்வொரு செய்திக்குப் பின்னாலும் ஹைடனின் ஒரு பகுதி வந்தால் எப்படி இருக்கும்?

ஐந்தாவது வார்த்தை, 'தாகமாயிருக்கிறேன்'. அதில் ஹைடன் கீழே தந்திகளை விரலால் மீட்டச் சொல்கிறார், சொட்டுச் சொட்டாக விழும். அதன் மேல் இரண்டே ஸ்வரத்தில் ஒரு விம்மல். ரெக்கார்டிங்கில்தான் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஏழாவதில் சத்தத்தைத் தணிக்கும் ம்யூட் போட்டு வாசிக்க வேண்டும். அது முடிந்த கையோடு ம்யூட்டைக் கழற்றிவிட்டு பூமியதிர்ச்சி. முன்னுரை, ஏழு வார்த்தைகள், பூமியதிர்ச்சி என்று ஒன்பது பகுதி, மொத்தம் ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட. ஏழுமே மெதுவான பகுதிகள், விரல் வேகம் அதிகம் கேட்காது, ஆனால் வில்லை அடக்கி வாசிக்கும் பக்குவம் நிறையக் கேட்கும்.

பெரிய வெள்ளிக்குக் கட்டணம் வைக்க முடியாது, காணிக்கைதான். ஆனால் அன்று வருகிற கூட்டம் உங்களுக்கு வேறு எந்த நாளும் வராது. அவர்களில் பத்துக் குடும்பம் தங்கள் பிள்ளைகளைப் பாடத்துக்கு அனுப்பும். கல்யாண வாசிப்புக்கும் அவர்கள்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆயரிடம் பேசும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். தேதிகளைப் பற்றி மட்டும் ஒன்று. கோடைச் சீசன் வார இறுதியில் கச்சேரி வைக்காதீர்கள், கோத்தகிரியில் இருந்து ஊட்டிக்கு முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும் மலர்க் கண்காட்சி நாட்களில் எப்போது வந்து சேர்வீர்கள் என்று சொல்லவே முடியாது. வடகிழக்குப் பருவமழை நாட்களும் வேண்டாம். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கீழே இருந்து ஒருவரும் வர மாட்டார்கள்.

கோத்தகிரி வயோலா எழுதியது:

அக்கா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. நேற்று ஒத்திகையில் இந்தப் பதில்களை எல்லாம் போனில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். மாறி மாறி முதல் நாற்காலி என்று கேட்டதுமே முதல் வயலினே 'மோட்ஸார்ட்டை நீ எடுத்துக்கோ' என்று சொல்லிவிட்டாள். ரிசார்ட்டுக்கு நிபந்தனைகளை எழுதி அனுப்பியிருக்கிறோம். செல்லோவைத் தட்டிப் பார்த்தோம், அக்கா சொன்னதேதான், கீழ்ப்பக்கம் வலது மூலையில் ஒட்டு விட்டிருக்கிறது.

தம்புரா வந்துவிட்டது. அவள் பாட்டியுடையது. கால் மணி நேரம் என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் அதிலேயே போய்விட்டது. சி மேஜர் கார்டில் நால்வரும் நின்றபோது அறை முழுக்க வேறு யாரோ சேர்ந்து வாசிப்பது போல இன்னொரு ஸ்வரம் கேட்டது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏழு வார்த்தைகளின் பார்ட்டை இறக்கி முன்னுரையை ஒரு தடவை ஓட்டினோம். ஆர்கன் அண்ணா, அடுத்த பெரிய வெள்ளிக்கு நாங்கள் தயாராக இருப்போம்.

இன்னொரு யோசனை, சரியா என்று சொல்லுங்கள். பள்ளி நிகழ்ச்சியில் ஹைடனுக்கு முன்னால் முத்துசாமி தீட்சிதர் வெஸ்டர்ன் மெட்டுகளில் செய்த நொட்டுஸ்வரங்களில் ஒன்றை வைக்கலாமா? 'சக்தி சஹித கணபதிம்' பாட்டுக் கிளாஸ் போகும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். குவார்டெட்டுக்கு எழுதினால் அதன் இயல்பு கெட்டுவிடுமோ என்று இரண்டாம் வயலினுக்குப் பயம்.

கொடைக்கானல் செல்லோ எழுதியது:

தாராளமாக வையுங்கள். தீட்சிதர் சகோதரர்கள் மணலியில் இருந்தபோது சென்னைக் கோட்டையில் பேண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். தம்பி பாலுசாமி தீட்சிதர் அங்கேதான் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றார். நம் கச்சேரி மேடையில் இன்று வயலின் உட்கார்ந்திருப்பதற்கு அவரும் ஒரு காரணம். முத்துசாமி தீட்சிதர் பிறந்தது 1775, பீத்தோவனுக்கு ஐந்து வயதுதான் இளையவர். ஹைடன் ஓபஸ் 76-ஐ எழுதும்போது தீட்சிதருக்கு இருபத்திரண்டு வயது, உங்கள் வயது. ஒரே நிகழ்ச்சியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில் உறுத்தலே இல்லை.

இரண்டாம் வயலினின் பயத்துக்கு வழி இதுதான். சங்கராபரண ஸ்வரங்கள் நேராக நிற்கிற உருப்படி அது, கமகம் கேட்காது, அதனால் கார்டு போட்டால் தாங்கும். ஆனால் எல்லா அடிக்கும் கார்டு போடாதீர்கள். முதல் சுற்று முழுக்க அவர் மட்டும் தனியாக வாசிக்கட்டும், செல்லோ சி-யும் ஜி-யும் மட்டும் திறந்த தந்தியில் பிடித்துக்கொண்டிருக்கட்டும். இரண்டாம் சுற்றில் நீங்கள் மெலடியை வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வயலினும் மேலே மூன்றாம், ஆறாம் ஸ்வர இடைவெளியில் சேரட்டும். மூன்றாவதில் நால்வரும். சி மேஜரிலேயே எழுதுங்கள், வயோலாவும் செல்லோவும் நன்றாக ஒலிக்கும், அடுத்து வருகிற ஹைடனும் சி மேஜர்தான். வயலினுக்கு மேலே எட்ட வேண்டிய அவசியமும் வராது. எழுதி முடித்ததும் ஸ்கோரை அனுப்புங்கள், வில் குறிகள் போட்டுத் தருகிறேன். செல்லோ ரிப்பேருக்குப் போயிருக்கும் நாட்களில் ஒத்திகை நிற்க வேண்டாம், என்னிடம் இரண்டாவது செல்லோ ஒன்று இருக்கிறது, கொடைக்கானல் வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.